ஆன்டெனா திறக்காத பெட்டிகள்: பள்ளி நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பள்ளி நிர்வாகக் குழுவினருக்கு,

6, 7, 8ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் நடத்திவரும் மாதிரி செயற்கைக்கோள் வகுப்பு பற்றிய உங்கள் சுற்றறிக்கை வந்து சேர்ந்தது. வரும் கல்வியாண்டிலிருந்து சனிக்கிழமை வகுப்பு கிடையாது. அதற்குப் பதிலாக, வெளி நிறுவனம் ஒன்று கொண்டுவரும் தயார் கிட்டை வைத்து ஒரே நாள் பயிற்சி. அதுவும் 8ஆம் வகுப்பில் மதிப்பெண் வரிசையில் முதல் 20 பேருக்கு மட்டும். காரணமாக ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "முடிவுபெற்ற மாதிரிகளின் எண்ணிக்கை திருப்திகரமாக இல்லை."

அந்த ஒரு வரிக்குத்தான் இந்த மடல். இதுபற்றிப் பேச இரண்டு முறை நேரம் கேட்டேன்; கிடைக்கவில்லை. பெற்றோர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் என்பதால் எல்லோரும் படிக்கும்படியே எழுதுகிறேன்.

எண்ணிக்கையை நான் மறுக்கவில்லை. சென்ற ஆண்டு 9 குழுக்கள். ஆண்டு முடிவில் 4 பெட்டிகள்தான் (மாதிரிக் கோள்களை அப்படித்தான் சொல்வோம்) பிள்ளைகள் சொன்னபடி வேலை செய்தன. மீதி ஐந்தில் ஒன்று நடுவிலேயே கைவிடப்பட்டது. நான்கில் ஆன்டெனா திறக்கவில்லை, அல்லது திறக்கக் கூடாத நேரத்தில் திறந்துகொண்டது. உங்கள் குழுவிலிருந்து ஒருவர் வகுப்பைப் பார்க்க வந்த அன்று நடந்தது இந்தக் கடைசி வகை. மேசையில் சும்மா இருந்த பெட்டியிலிருந்து எஃகு நாடா பட்டென்று விடுபட்டு நீண்டது. அவர் சட்டென்று பின்னால் நகர்ந்தார். பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அதற்கு அன்றே மன்னிப்புக் கேட்டேன், இப்போதும் கேட்கிறேன். ஆனால் அந்த நாடா ஏன் அங்கே இருந்தது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சுற்றறிக்கை வேறு மாதிரி இருந்திருக்கும் என்று இன்னமும் நம்புகிறேன். அதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வகுப்பில் பெட்டியின் அளவு 10 செ.மீ. கனசதுரம். நானாக வைத்த அளவு இல்லை. 1999இல் அமெரிக்காவில் ஜோர்டி புய்க்-சுவாரி, பாப் ட்விக்ஸ் என்ற இரண்டு பேராசிரியர்கள் வகுத்த க்யூப்சாட் அளவு அது. மாணவர்கள் தங்கள் படிப்புக் காலம் முடிவதற்குள் ஒரு செயற்கைக்கோளைத் தாங்களே வடிவமைத்துக் கட்டிச் சோதித்துப் பார்க்க வேண்டும். அதற்குக் கோள் சின்னதாக இருக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் யோசனை. இன்றைக்கு உலகம் முழுக்கப் பெரிய நிறுவனங்களே பயன்படுத்தும் அளவு, மாணவர்களுக்காக வந்தது.

பெட்டி 10 செ.மீ. என்றால் ஆன்டெனா எவ்வளவு? சிறிய செயற்கைக்கோள்கள் பல 437 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலைவரிசையின் பக்கத்தில் பேசுகின்றன. 300ஐ (ஒளியின் வேகத்திலிருந்து வரும் எண்) 437ஆல் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். ஆன்டெனா அதில் கால் பங்கு, ஏறக்குறைய 17 செ.மீ. 7ஆம் வகுப்புப் பிள்ளைக்கு இது வெறும் வகுத்தல் கணக்கு. போட்டு முடித்ததும் ஒரு சிறுமி பெட்டியையும் அளவுகோலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சார், பெட்டியைவிட ஆன்டெனா நீளமா இருக்கே, ராக்கெட்டுக்குள்ள எப்படி வைப்பாங்க?" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. அடுத்த வாரம் அவளே வீட்டிலிருந்து ஒரு பழைய இரும்பு அளவு நாடாவைக் கொண்டுவந்தாள். மடக்கினால் மடங்கும், விட்டால் நிமிரும். நிஜமான க்யூப்சாட்டுகள் பலவற்றில் அதே அளவு நாடாவைத்தான் வெட்டி ஆன்டெனாவாக வைக்கிறார்கள் என்று அதற்கப்புறம்தான் படம் காட்டினேன். அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

சரி, மடக்கியாயிற்று. மடக்கியதைப் பிடித்து வைப்பது எது? நூல். விண்ணில் போய் நூலை அவிழ்ப்பது யார்? இதில் ஐந்து வாரம் போயிற்று. மெல்லிய நிக்ரோம் கம்பியில் மின்சாரம் விட்டுச் சூடாக்கி நைலான் நூலை உருக்கலாம் என்று ஒரு குழு கண்டுபிடித்தது (நிஜத்திலும் அப்படித்தான் செய்கிறார்கள்). முதல் முறை பேட்டரி போதவில்லை. இரண்டாம் முறை நூல் உருகியது, அட்டையும் சேர்ந்து கருகியது. மூன்றாம் முறை முடிச்சு இருக்கும் இடத்தில் கம்பியை வைத்தார்கள். முடிச்சு அறாமல், உருகிக் குமிழாகத் திரண்டு நின்றது. நான்காம் முறை, முடிச்சை விட்டுத் தள்ளிக் கம்பியை வைத்துவிட்டு, நூலை இன்னும் இறுக்கிக் கட்டினார்கள். நூல் இறுக்கத்தில் இருந்தால் கொஞ்சம் இளகியதுமே தானே அறுந்துவிடும் என்று சொன்னவன் வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன். உங்கள் பிரதிநிதியின் முன் பட்டென்று திறந்தது அந்த நான்காம் முறைப் பெட்டிதான். நூலைக் கொஞ்சம் அதிகமாகவே இறுக்கிவிட்டார்கள்.

உங்கள் கணக்கில் அது முடிவுபெறாத மாதிரி.

இன்னொன்று, எடை. உண்மையான க்யூப்சாட்டுக்கு முதலில் 1 கிலோ, பிறகு 1.33 கிலோ என்று வரம்பு இருந்தது. அட்டையிலும் பிளாஸ்டிக்கிலும் செய்கிற நாங்கள் 400 கிராம் என்று வைத்துக்கொண்டோம். ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் பேட்டரிக்குப் பொறுப்பு, ஒருவர் கேமராவுக்கு, ஒருவர் சட்டகத்துக்கு, ஒருவர் ஆன்டெனாவுக்கு. யாருக்கு எத்தனை கிராம் என்று அவர்களே பேசித் தீர்க்க வேண்டும். பேசித் தீர்ப்பது என்று மரியாதையாகச் சொல்கிறேன், பல நாள் சண்டைதான். பேட்டரிக்காரிக்கு இன்னொரு செல் வேண்டும். கேமராக்காரன் ஒரு கிராம்கூட விட்டுத்தர மாட்டான். ஒரு குழு எல்லாவற்றையும் எழுதிக் கூட்டி 391 என்று கொண்டுவந்தது. தராசில் வைத்தால் 424. மூன்று முறை நிறுத்தார்கள். தராசு கெட்டுவிட்டது என்றார்கள். கடைசியில் ஒருத்தி நகத்தால் ஒரு மூலையைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, "பசை" என்றாள். ஒட்டின பசையையும் இழுத்த வயரையும் யாரும் கணக்கில் எழுதவில்லை. அதற்கடுத்த வாரம் எல்லாக் குழுக்களின் பட்டியலிலும் "பசை, வயர்" என்று தனி வரி வந்துவிட்டது. நான் சொல்லாமலே.

இந்த வகுப்பில் ஊன்றிக் கேட்கும் கேள்விகளும் இப்படித்தான் வரும். பேட்டரி சூடாகுமே, ஒரு சின்ன ஃபேன் வைக்கலாமா என்று கேட்டான் ஒருவன். வகுப்பே ஆமோதித்தது. கால் மணி நேரம் கழித்துப் பின் வரிசையிலிருந்து ஒரு குரல்: "அங்க காத்தே இல்லையேடா." அவ்வளவுதான். கருப்புத் தாளும் வெள்ளித் தாளும் சுற்றிய இரண்டு டப்பாக்களை விளக்குக்கு அடியில் வைத்து வெப்பமானியோடு அந்த மதியம் முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். வெப்பக் கதிர்வீச்சுப் பாடம் இதற்கு முன் அவர்களுக்கு மூன்று மதிப்பெண் கேள்வியாக மட்டும் இருந்தது.

பாராசூட்டுக்கு மூன்று வாரமா என்று உங்கள் பிரதிநிதி கேட்டதாகக் கேள்விப்பட்டேன். ஆமாம், மூன்று வாரம்தான். 6ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாங்கள் கேன்சாட் முறையை வைத்திருக்கிறோம்: குளிர்பான டின் அளவில் ஒரு கோள், மேலிருந்து விட்டால் பாராசூட்டில் மெதுவாக இறங்க வேண்டும். மாடித் தாழ்வாரத்திலிருந்து போடுவது நான் மட்டும். கீழே நின்று நேரம் பார்ப்பது அவர்கள். முதல் பாராசூட்டுக்கு 2.1 விநாடி. துணியின் பரப்பை இரண்டு மடங்காக்கினால் 4.2 விநாடி வரும் என்று எல்லோரும் எழுதி வைத்திருந்தார்கள். வந்தது 2.9. கடிகாரத்தைக் குற்றம் சொன்னார்கள், காற்றைக் குற்றம் சொன்னார்கள், என்னையும் சொன்னார்கள். மறுபடி மறுபடி போடச் சொன்னார்கள். பரப்பு நான்கு மடங்கானபோதுதான் நேரம் ஏறக்குறைய இரண்டு மடங்கானது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது என்ற விதியை அவர்கள் மேல் வகுப்பில் படிப்பார்கள். அன்று அந்த விதிக்கு முன்னால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார்கள், ஏன் இப்படி என்று. அந்தக் குழப்பத்தை அவசரமாகத் தீர்த்துவைக்க எனக்கு மனம் வரவில்லை. முதல் வாரமே சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதியிருந்தால் இரண்டு வாரம் மிச்சமாகியிருக்கும், உண்மைதான்.

இனி உங்கள் கிட்டைப் பற்றி. போன பருவத்தில் வெள்ளோட்டமாக ஒரு நாள் நடந்ததே, அன்று நானும் கூட இருந்தேன். 8 பெட்டிகள், இரண்டு மணி நேரம், 8இலும் விளக்கு எரிந்தது. படமும் நன்றாக வந்தது. எல்லாப் பெட்டியிலும் மேல் முகத்தில் ஒரே ஒரு சூரியத் தகடு. ஒரு பையனிடம், "இது ஏன் மேலே இருக்கு?" என்று கேட்டேன். கையில் இருந்த தாளைக் காட்டி, "இதுல அப்படித்தான் போட்டிருக்கு சார்" என்றான். விண்வெளியில் மேல், கீழ் ஏது? பெட்டி புரண்டுவிட்டால் அந்தத் தகடு இருட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதனால்தான் க்யூப்சாட்டுகளில் பல முகங்களிலும் தகடு ஒட்டுகிறார்கள். தாழ்ந்த சுற்றுப்பாதையில் ஒரு சுற்றுக்கு ஒன்றரை மணி நேரம். அதில் அரை மணிக்கு மேல் பூமியின் நிழலிலேயே போகும். அந்த நேரத்துக்கு என்ன செய்வது என்பது பேட்டரிக் கேள்வி. கிட்டில் இந்தக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் யாரோ எங்கோ உட்கார்ந்து பதில் கண்டுபிடித்துவிட்டார்கள் (முதல் கேள்விக்குத் தப்பான பதில்). பிள்ளைகளுக்கு மிஞ்சியது திருகு முடுக்குவது.

இதைச் சொல்ல எனக்கு முழுத் தகுதி இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். முதல் ஆண்டு நானும் இதையேதான் செய்தேன். கரும்பலகையில் முழுப் படத்தையும் வரைந்து, அளவுகளை எழுதி, வெட்டச் சொன்னேன். கண்காட்சியில் ஒரே மாதிரி எட்டுப் பெட்டிகள் வரிசையாக நின்றன. பார்த்தவர்கள் பாராட்டினார்கள், எனக்கும் பெருமையாக இருந்தது. ஒரு பெற்றோர் தன் மகளிடம், "இதுல உன்னோடது எது?" என்று கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை. பெட்டியைத் திருப்பி அடியில் பெயர் தேடினாள்.

கிட் கம்பெனிக்காரர்களோடு எனக்கு ஒரு பகையும் இல்லை. வெப்பமும் காற்றழுத்தமும் அளக்கிற சென்சார் பலகைகளைப் பிள்ளைகள் செய்ய முடியாது, வாங்கத்தான் வேண்டும். உதிரியாக வாங்கித் தாருங்கள், கை கூப்பி வாங்கிக்கொள்கிறேன். எதை எங்கே வைப்பது என்று சொல்லும் அந்தத் தாளை மட்டும் எடுத்துவிடுங்கள்.

வேலை செய்யாத பெட்டிகளைப் பற்றி உங்களுக்கு உறுத்தல் இருப்பது புரிகிறது. 1958 ஜனவரி 31 அன்று அமெரிக்கா ஏவிய எக்ஸ்ப்ளோரர் 1 பென்சில் போல நீளமான செயற்கைக்கோள். நீள அச்சில் சுழலும்படி செய்து அனுப்பினார்கள். பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்த நான்கு மெல்லிய கம்பி ஆன்டெனாக்கள் வளைந்து வளைந்து சுழற்சியின் ஆற்றலைத் தின்றுவிட்டன. கோள் குட்டிக்கரணம் போட ஆரம்பித்துவிட்டது. அப்படிப் புரண்டுகொண்டே அது அனுப்பிய அளவீடுகளிலிருந்துதான் பூமியைச் சுற்றிக் கதிர்வீச்சுப் பட்டைகள் இருப்பது தெரிந்தது. 1975 ஏப்ரல் 19 அன்று ஏவப்பட்ட ஆர்யபட்டாவில் மின்வழங்கல் கோளாறால் சில நாட்களிலேயே அறிவியல் சோதனைகள் நின்றுபோயின. அதில் கற்றுக்கொண்ட குழுவினர் 1979இல் பாஸ்கராவைக் கட்டி அனுப்பினார்கள். உங்கள் சுற்றறிக்கையின் அளவுகோலை வைத்தால் முதல் இரண்டும் எந்தப் பட்டியலில் வரும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. ஆண்டுப் பார்வைக்கு ஆட்கள் வருகிறார்கள் என்று சென்ற பருவத்தில் ஆய்வகத்தை ஒழுங்குபடுத்தினீர்கள். ஜன்னல் ஓரத் தட்டில் இருந்த ஐந்து குழுக்களின் பெட்டிகள் அரைகுறைச் சாமான்கள் என்று குப்பைப் பைக்குப் போய்விட்டன. முன்கூட்டி ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லை. திங்கட்கிழமை காலையில் வந்து பார்த்தால் தட்டு பளபளவென்று துடைத்து வைத்திருந்தது. 7ஆம் வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேர் பின்கட்டுக்கு ஓடிப் பைகளைக் கிளறினார்கள். கிடைத்தது ஒரு பேட்டரிக் கூடும் 17 செ.மீ. நாடா இரண்டும். மற்றதெல்லாம் நசுங்கிவிட்டது. மிச்சமிருந்த ஏழு வாரத்தில் அவர்கள் மறுபடி ஆரம்பித்தார்கள். முடிவுபெறாத ஐந்தில் மூன்று, அந்தத் தட்டில் இருந்தவை. சுற்றறிக்கை எழுதியவருக்கு இது தெரியுமா?

என் பக்கத்துத் தவறும் உண்டு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண்ணின் விரலில் சூடான பசை பட்டுக் கொப்பளித்தது. நான் முதுகைத் திருப்பிக்கொண்டிருந்த நேரம் அது. அன்றிலிருந்து பசைத் துப்பாக்கியும் சூட்டுக் கம்பியும் ஒரே மேசையில், என் பக்கத்தில், ஒரு சமயத்தில் ஒரு பிள்ளைக்கு மட்டும். பாதுகாப்பு பற்றி இன்னும் நிபந்தனை போட்டால் ஏற்றுக்கொள்கிறேன்.

மதிப்பெண் வரிசையில் முதல் 20 பேர் என்ற முடிவை மட்டும் எப்படிப் பார்த்தாலும் ஏற்க முடியவில்லை. நூலை இறுக்கிக் கட்டச் சொன்னானே, அந்தப் பையன் அரையாண்டில் அறிவியலில் வாங்கியது 38. பெட்டியைக் குலுக்கிப் பார்க்கும் சோதனையில் பேட்டரி கழன்று விழுந்தபோது பழைய சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி மாட்டியவனும் அவன்தான். உங்கள் பட்டியலில் அவன் பெயர் ஒருநாளும் வராது. 8ஆம் வகுப்பில் மட்டும் வைப்பதும் அப்படித்தான். 11, 12 வயதுப் பிள்ளைக்குப் பரப்பளவு தெரியும், சராசரி தெரியும், வகுத்தல் தெரியும். தப்பாகிவிடுமோ என்ற பயம் இன்னும் முழுக்கப் பிடிக்கவில்லை. "ஃபேன் வைக்கலாமா" என்று 6ஆம் வகுப்பில் கேட்பான். 9ஆம் வகுப்பில், தப்பென்று தெரிந்தால் சிரிப்பார்களோ என்று கேட்காமலே விட்டுவிடுவான்.

நான் கேட்பவை இவை. சுற்றறிக்கையை ஓராண்டுக்கு நிறுத்தி வையுங்கள். சனிக்கிழமை இரண்டு மணி நேரத்தை 6, 7, 8 மூன்று வகுப்புகளுக்கும் திருப்பித் தாருங்கள். விருப்பம் தெரிவிப்பவர்கள் இடத்தைவிட அதிகமானால் சீட்டுக் குலுக்கிப் போட்டு எடுங்கள். மதிப்பெண் பட்டியலைக் கொண்டுவர வேண்டாம். கிட்டுக்கு ஒதுக்கிய பணத்தில் சென்சார் பலகைகள், சூரியத் தகடுகள், இரண்டு மல்டிமீட்டர், கிராம் காட்டும் ஒரு நல்ல தராசு என்று உதிரியாக வாங்க அனுமதியுங்கள். பட்டியலை முதல்வர் அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன். பூட்டுப் போடுகிற ஒரு அலமாரி வேண்டும், சாவி என்னிடம் ஒன்று, அலுவலகத்தில் ஒன்று. பிள்ளைகளை மதிப்பிடத்தான் வேண்டும் என்றால் அவர்களுடைய குறிப்பேட்டைப் பாருங்கள். எது ஏன் வேலை செய்யவில்லை, அடுத்து என்ன மாற்றினோம் என்று தேதி போட்டு எழுதியிருக்கிறார்கள். ஒன்பது குறிப்பேடுகளும் பத்திரமாக என் மேசையில் இருக்கின்றன.

கடைசியாக ஒன்று. பருவத்துக்கு ஒருமுறை பிள்ளைகள் தங்கள் வரைபடத்தை மற்றக் குழுக்களுக்கு முன் வைத்துக் கேள்விக்குப் பதில் சொல்வார்கள். அடுத்த முறை உங்கள் குழுவிலிருந்து இரண்டு பேர் வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்து, அவர்களிடம் கேள்வி கேளுங்கள். முன்பு வந்தவரே வந்தால் இன்னும் நல்லது. அந்தப் பெட்டியின் நூலை இப்போது சரியான இறுக்கத்தில் கட்டியிருக்கிறார்கள்.

புதிய கால அட்டவணை அச்சுக்குப் போவதற்கு முன், எழுத்து மூலமாகப் பதில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
அறிவியல் ஆசிரியர்,
நடுநிலைப் பிரிவு